சாதாரண மனுஷிக்கு ஒரு நாற்காலி

கமேதானி சுமியேவின் சலவைக் கடையில் ஒரு கோட்டைக் கொடுத்தால், அது முதலில் சோதனைக்குப் போகும், பிறகுதான் சலவைக்கு. வாடிக்கையாளரின் கண்ணெதிரே எல்லாப் பைகளையும் வெளியே இழுத்துத் தொங்கவிட்டு, உள்ளே ஒன்றுமில்லை என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்த பிறகுதான் ரசீது கிழிப்பாள். "அப்புறம் வந்து மோதிரம் இருந்துச்சு, லாட்டரிச் சீட்டு இருந்துச்சுன்னு நிக்கக் கூடாது பாருங்க" என்பாள். யாரும் அப்படி வந்து நின்றதில்லை. நிற்காததற்குக் காரணம் தன் சோதனைதான் என்பது அவள் கட்சி.

தெற்கு ஒசாகாவில், டிராம் வண்டி வீடுகளின் பின்சுவரை உரசிக்கொண்டு போகிற தெருவில் அவள் கடை. மீன் வாங்கப் போனால் பரப்பி வைத்ததைத் தொடமாட்டாள், ஐஸுக்கு அடியில் இருப்பதைக் கேட்பாள். இன்று மழை இல்லை என்று தொலைக்காட்சி சொன்னால் குடையைக் கையில் எடுத்துக்கொள்வாள். கோயில் உண்டியலில் காசு போட்டால், அது விழுந்த சத்தம் காதில் கேட்கும்வரை கைகூப்பமாட்டாள். சாமிக்கும் ரசீது உண்டென்றால் கேட்டு வாங்கியிருப்பாள்.

இப்படிப்பட்ட ஒருத்தியை நாட்டின் மருத்துவத்துக்குக் காவல் வைத்தது யார் என்று கேட்கலாம். சட்டம்தான் வைத்தது.

ஒருவர் உடம்பிலிருந்து கொஞ்சம் கொழுப்பை எடுத்து, அதிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து வளர்த்து, திரும்ப அவர் ரத்தத்திலேயே ஏற்றுகிற வைத்தியத்தை அங்கே தனியார் டாக்டர்கள் செய்யலாம். செய்வதற்கு முன் தங்கள் திட்டத்தை ஒரு குழுவின் முன் வைத்து, 'சரி' வாங்கிக்கொள்ள வேண்டும். குழுவில் டாக்டர்கள் இருக்க வேண்டும். செல் வளர்க்கத் தெரிந்தவர் இருக்க வேண்டும். வக்கீல் இருக்க வேண்டும். இவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டு என்ன பேசுகிறார்கள் என்று பார்க்க ஒரு சாதாரண மனிதரும் இருக்க வேண்டும். பெண்ணும் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் கூட்டம் செல்லாது.

குழுவை நடத்துகிறவர்கள் யோசித்தார்கள். சாதாரண மனிதருக்கு ஒரு நாற்காலி, பெண்ணுக்கு ஒரு நாற்காலி என்று இரண்டு எதற்கு? சாதாரணப் பெண்ணாக ஒருத்தியைப் பிடித்துவிட்டால் ஒரு நாற்காலியும் ஒரு மதியச் சாப்பாடும் மிச்சம்.

குழுவின் தலைவர் இனோகுமா, ஓய்வு பெற்ற பேராசிரியர். சுமியேவிடம் கோட்டைச் சலவைக்குப் போடுகிறவர். ஒருநாள் பைகள் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும்போதே கேட்டார்.

"அம்மா, நீங்க சாதாரண ஆளுதானே?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"டாக்டருக்குப் படிக்கலை, மருந்து கம்பெனியில வேலை பாக்கலை. அப்படித்தானே?"

"சலவைக் கடைக்காரிகிட்ட இதைக் கேட்டா என்ன அர்த்தம்? உங்க கோட்டுல ஏதாவது காணோமா?"

அப்படித்தான் அந்த நாற்காலி அவளுக்கு வந்தது.

டென்னோஜி ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் கூட்டம். முதல் கூட்டத்திலேயே அவள் ஒரு சந்தேகம் கேட்டாள். "இந்தக் கூட்டத்துக்கு வாடகை, சாப்பாடு, நம்ம பயணப்படி எல்லாம் யாருங்க தராங்க?" விண்ணப்பிக்கிற மருத்துவமனை கட்டும் கட்டணத்திலிருந்து என்றார் செயலாளர் செரிசாவா. "அப்ப பரீட்சை எழுதறவன்தான் வாத்தியாருக்குச் சம்பளம் தரானா?" என்றாள் சுமியே. எல்லோரும் ஒரே நேரத்தில் தேநீரைக் குடித்தார்கள். குடித்து முடித்ததும் தலைவர், "கமேதானியம்மாவின் கருத்து குறிப்பில் சேர்க்கப்படும்" என்றார். சேர்க்கப்பட்டது. அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளில் அவள் கேட்டவையெல்லாம் அப்படியே சேர்க்கப்பட்டன. எந்தத் திட்டமும் நின்றதாக அவள் அறியாள்.

விலாங்கு வந்தால் வில்லங்கம் என்பது அவளே கண்டுபிடித்த விதி. ஊசி போட்டு முழங்கால் வலியைத் தீர்க்கிறேன் என்று சின்ன டாக்டர் யாராவது வந்தால் மதியத்துக்கு வறுத்த கோழி. பெரிய இடத்து விண்ணப்பம், பேப்பரும் தடிமன், கேள்வி கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்றால் சோற்றின்மேல் சுட்ட விலாங்கு மீன் பளபளவென்று படுத்திருக்கும். சாப்பாடு வந்து பக்கத்து அறையில் இறங்கும் வாசனையை வைத்தே அன்றைய திட்டம் எவ்வளவு ஆபத்தானது என்று அவள் எடைபோட்டுவிடுவாள். எடைபோட்டபின் சாப்பிட்டும்விடுவாள்.

இதெல்லாம் ஊராருடைய உடம்பு சம்பந்தப்பட்டவரை வேடிக்கையாகத்தான் இருந்தது.

அவள் கணவர் தொகுஜி, வாழ்நாளெல்லாம் டிராம் ஓட்டியவர். ஓய்வு பெற்று நான்கைந்து வருடத்தில் வலது கை நடுங்க ஆரம்பித்தது. பார்க்கின்சன் நோய் என்றார்கள். பிறகு கால். வாசற்படி, கதவு, குளியலறை நுழைவு என்று எங்கே இடம் குறுகுகிறதோ அங்கே அவர் பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ரோட்டைக் கடக்கப் போட்ட வெள்ளைக் கோடுகளின்மேல் விட்டால் அணிவகுப்புக்காரர்போல நடப்பார்.

"ரோட்டுல நடக்கிற கால் வீட்டுல மட்டும் நடக்காதா? யாரை ஏமாத்தறீங்க?" என்று முதலில் அவரையும் சந்தேகப்பட்டாள் சுமியே. கோடு கண்ணில் பட்டால் கால் நகரும், அந்த நோய் அப்படித்தான் என்று டாக்டர் விளக்கினார். அன்று மாலையே வீட்டில் எல்லா வாசலிலும் மஞ்சள் நாடாவைக் குறுக்கே குறுக்கே ஒட்டிவிட்டாள். வீடு ரயில்வே கிராசிங் மாதிரி ஆயிற்று. தொகுஜி ஒவ்வொரு கோடாகத் தாண்டி கழிப்பறைக்குப் போய் வந்தார்.

பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றில், ஆய்வகத்தில் வளர்த்த நரம்புச் செல்லை மூளைக்குள் வைத்துச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டார். வயது வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்று பணிவான பதில் வந்தது.

"பஸ்ல ஏறினா தாத்தான்னு எந்திரிச்சு இடம் குடுக்கறாங்க. இங்க தாத்தான்னு சொல்லி இறக்கி விட்டுட்டாங்க" என்றார் தொகுஜி.

"சோதனை முடிஞ்சு எல்லா ஆஸ்பத்திரிக்கும் சீக்கிரம் வந்துடும்னு பேப்பர்ல போட்டிருக்கே."

"அவங்க சீக்கிரம் வேற, என் சீக்கிரம் வேற."

ரயில் நிலையத்தருகே கண்ணாடிக் கட்டிடத்தில் குரமோச்சி என்ற டாக்டர் மருத்துவமனை திறந்திருந்தார். நரம்பு நோய்க்கு உங்கள் கொழுப்பிலிருந்தே செல், திட்டம் அனுமதி கிடைத்தவுடன் தொடங்கும், முன்கூட்டியே விளக்கக் கூட்டம், அனைவரும் வருக என்று தாள் ஒட்டியிருந்தது. தொகுஜி போய்விட்டு வந்தார். வந்தவர் கண்ணில் ஒரு வெளிச்சம்.

"எத்தனை நல்ல மனுஷன் தெரியுமா. என் காலு கதவுகிட்ட ஒட்டிக்கிச்சு. அவரே எந்திரிச்சு வந்து முழங்கையைப் பிடிச்சு லிஃப்ட் வரைக்கும் கூட்டிட்டு வந்தார்."

"லிஃப்ட் வரைக்கும் வந்தவர் பர்ஸ் வரைக்கும் வராமலா இருப்பார்?"

"உனக்கு ஒருத்தரும் நல்லவங்களாத் தெரியமாட்டாங்க."

"தெரிஞ்சிருக்காங்க. எல்லாரும் செத்துட்டாங்க."

ஜூலை மாதக் கூட்டத்துக்கான காகிதக் கட்டு வந்தது. பிரித்தால் உள்ளே குரமோச்சியின் திட்டம். நாட்டில் இத்தனை குழுக்கள் இருக்க, அவர் தேடிப் பிடித்தது அவளுடைய குழுவை. அதை வெளியே பேசக் கூடாது என்பது விதி. விதி தெரிந்தவள்தான். ஆனால் அன்று சாப்பிடும்போது தொகுஜி மறுபடியும் அந்த முழங்கைக் கதையை ஆரம்பிக்க, வாயில் வந்துவிட்டது.

"உங்க நல்ல மனுஷன் இப்ப எங்க மேஜைக்கு வந்திருக்கார். பாக்கலாம் எவ்வளவு நல்லவர்னு."

தொகுஜி கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நீ என்ன கேக்கப் போறே?"

"முன்னாடி வேற ஆஸ்பத்திரியில இதையே பண்ணினப்ப நோயாளி குணமானார் குணமானார்னு எழுதியிருக்கார். குணமாச்சுன்னு யார் எண்ணினதுன்னு கேக்கப் போறேன். ரத்தத்துல ஏத்தினா நுரையீரல்ல கட்டி அடைச்சுக்குமாமே, அது வந்தா யாரு பாப்பாங்கன்னு கேக்கப் போறேன்."

"கேட்டு?"

"கேட்டு என்ன. குறிப்புல சேர்ப்பாங்க."

"சுமியே, சந்தேகப்படறதுக்கும் நேரம் வேணும். நேரம் இருக்கிறவங்க சந்தேகப்படட்டும். என்கிட்ட இல்லை."

அன்றிலிருந்து வீட்டில் ஒரு விசித்திரம். தொகுஜி அவளுக்குத் தேநீர் போட ஆரம்பித்தார். பாதி தட்டில், பாதி கோப்பையில் என்றாலும் போட்டார். கடைக்கு வந்து உட்கார்ந்து, "கால் வலிக்குதா?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து கேட்காத கேள்வி. ஒரு வியாழக்கிழமை தொப்பியை மாட்டிக்கொண்டு டிராம் ஏறி எங்கேயோ போய், வியர்த்து விறுவிறுத்து வந்தார். கேட்டால், "சும்மா, பெரிய கடைத்தெரு வரைக்கும்" என்றார். பச்சிங்கோ சூதாட்டக் கடைக்குத்தான் போயிருப்பார் என்று தீர்மானித்தாள். அவர் சட்டையை முகர்ந்தும் பார்த்தாள். சிகரெட் வாசனை இல்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

குடும்பத்தில் ஒருவருக்கு அந்த மருத்துவமனையோடு தொடர்பு இருந்தால் உறுப்பினர் அதைச் சொல்லிவிட்டு வெளியே போய்விட வேண்டும் என்று குழுவுக்கு ஒரு விதி உண்டு. சுமியே அதையும் யோசித்தாள். அவர் இன்னும் நோயாளியாகச் சேரவில்லை. விளக்கத்தைக் கேட்டார், அவ்வளவுதான். கேட்டவரெல்லாம் நோயாளியா? ஊரார் கோட்டையெல்லாம் பை பையாகப் புரட்டுகிறவள், தன் மனசாட்சியை மட்டும் மடிப்புக் கலையாமல் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். எப்படியும் அந்தக் குரமோச்சியைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். பார்த்து, கேட்டு, அப்புறம்? அனுமதி கொடுத்துவிடுவாளா, தடுப்பாளா? அதை மட்டும் தன்னையே அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

கூட்டத்தன்று மாடிப்படி ஏறும்போதே விலாங்கு வாசனை வந்துவிட்டது.

குரமோச்சி உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும், தலை நரைக்கவில்லை, அல்லது நரைத்ததாகத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜையைச் சுற்றி ஒவ்வொரு பெயர்ப்பலகையாகப் பார்த்து வணங்கிக்கொண்டே வந்தவர், சுமியேவின் பலகை முன்னால் நின்றார். முகம் மலர்ந்தது. மற்றவர்களுக்குக் குனிந்ததைவிட ஒரு சாண் அதிகம் குனிந்தார்.

"கமேதானியம்மா, போன வாரம் எவ்வளவு அருமையான சேமியா அனுப்பி வெச்சீங்க. இந்த வெயிலுக்கு ஐஸ் தண்ணியில போட்டு வீட்ல எல்லாரும் சாப்பிட்டோம். ரொம்ப நன்றிங்க."

"ஐயையோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஏதோ சின்னதா" என்றாள் சுமியே.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவள் காதில் விழுந்தது. அந்த ஊரில் பரிசு வாங்கியவர் அடுத்தமுறை எங்கே பார்த்தாலும், அது சாவு வீடாக இருந்தாலும், முதல் வார்த்தையாக நன்றி சொல்லியாக வேண்டும். கேட்டவர் ஒன்றுமில்லை என்றாக வேண்டும். பிறந்ததிலிருந்து பழகிய இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் மூளைக்கு வேலையே கிடையாது. எந்தச் சேமியா, எப்போது அனுப்பியது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அனுப்பியதாக ஒப்புக்கொண்டாயிற்று.

வக்கீல் கூரையைப் பார்த்தார். செல் வளர்க்கத் தெரிந்தவர் தன் பேனா மூடியைப் பார்த்தார். குறிப்பெடுக்கும் செரிசாவாவின் கை காற்றில் நின்றது. குரமோச்சிக்கும் இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். குனிந்த தலையை எந்த முகத்தோடு நிமிர்த்துவது என்று தெரியாமல் அப்படியே கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்தார்.

சுமியேவுக்கு அந்த வியாழக்கிழமை விளங்கியது. பெரிய கடைத்தெருவின் பலமாடிக் கடை. நான்காம் மாடியில் கோடைப் பரிசுகளுக்கென்று போடுகிற மேஜைகள். டிராம் ஓட்டிய காலமெல்லாம் ஜூலை வந்தால் பணிமனை மேலாளருக்குப் பரிசு அனுப்பியவர் தொகுஜி. ஒருவர் கையில் நம் காரியம் இருந்தால் ஜூலையில் அவருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாமல் இருப்பது அவருக்குத் தெரிந்த ஒழுக்கத்தில் இல்லை. நடுங்குகிற கையால் முகவரி எழுதியிருப்பார். இல்லை, எழுத முடியாமல் கடைப்பெண்ணிடம் சொல்லியிருப்பார். உறையின்மேல் குடும்பப் பெயர் மட்டும்தான் போடுவார்கள். கமேதானி.

தலைவர் இனோகுமா தொண்டையைச் செருமினார். குரல் தேன்போல வந்தது.

"கமேதானிங்கிற பேரு இந்தப் பக்கம் நிறைய உண்டு, இல்லையாம்மா? டாக்டர் யாரையோ நினைச்சுக் குழப்பிக்கிட்டார் போல."

"ஆமாமா, குழப்பிக்கிட்டேன்" என்றார் குரமோச்சி.

"நீங்களும் மரியாதைக்குப் பதில் சொன்னீங்க. அவ்வளவுதானே. இதெல்லாம் குறிப்புல வரணும்னு இல்லை."

மூன்று ஆண்டுகளாக அவள் சொன்ன ஒவ்வொன்றையும் குறிப்பில் சேர்த்தவர், முதல்முறையாகச் சேர்க்க வேண்டாம் என்றார். சுமியேவுக்கு அதுவே போதும், அறை முழுவதும் சந்தேகமாக மாற.

தலையை ஆட்டினால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். இரண்டு கேள்வி கேட்பாள், பதில் வரும், குறிப்பில் ஏறும், விலாங்கு ஆறுவதற்குள் திட்டம் நிறைவேறும். தொகுஜி அடுத்த மாதம் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் நடந்து போவார். ஆட்டாவிட்டால் அவள் வெளியே போக வேண்டும். அவள் போனால் அறையில் பெண் இல்லை, சாதாரண மனிதரும் இல்லை, கூட்டமே இல்லை.

"இல்லீங்க" என்றாள். "எங்க பக்கத்துல நாங்க ஒரே கமேதானிதான். அனுப்பினது எங்க வீட்டுக்காரர். அவருக்கு பார்க்கின்சன். இந்த டாக்டர்கிட்ட வைத்தியம் பண்ணிக்கணும்னு ஆசை. அந்த ஆசை தெரிஞ்சேதான் இந்த நாற்காலியில வந்து உக்காந்தேன். அதையும் சேர்த்து எழுதிக்கோங்க."

"அம்மா, கொஞ்சம் யோசிங்க. வெறும் சேமியா."

"அதைத்தான் நானும் யோசிச்சேன். இதுவே பெரிய பெட்டியா இருந்தா நீங்க யாரும் பேசியே இருக்கமாட்டீங்க."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் செரிசாவா ஓடிவந்து அவள் பங்குச் சாப்பாட்டை நீட்டினார். அவள் தொடவில்லை. டிராமில் பாதி வழி போனபிறகு, தொட்டிருக்கலாம் என்று தோன்றியது. இத்தனை கேள்வி கேட்டு ஒரு திட்டத்தையும் நிறுத்தியதில்லை. கேள்வி எதுவும் கேட்காமல் எழுந்து நடந்ததில் ஒன்று நின்றிருந்தது.

தொகுஜி கடையிலேயே காத்திருந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை.

"நான் மரியாதைக்குத்தான் அனுப்பினேன்" என்றார்.

"தெரியும்."

"நீ தலையை ஆட்டியிருக்கலாம்."

"ஆட்டியிருக்கலாம்."

அவர் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. நீ நேர்மையா இருக்கணும்னு எந்திரிச்சியா, இல்லை எனக்கு அது கிடைக்கக் கூடாதுன்னு எந்திரிச்சியா?"

சுமியே யாரோ கொடுத்துவிட்டுப் போன கோட்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"எனக்கே அதுல சந்தேகமாத்தான் இருக்கு."

தெருவில் வேறு கதை ஓடியது. முடிதிருத்தும் நிலையம் வைத்திருக்கும் ஹத்சுயோ வந்து கண்ணைச் சிமிட்டினாள். "சுமியே அக்கா, டாக்டர் குடுத்தது பத்தலைன்னு எந்திரிச்சு வந்துட்டீங்களாமே. எவ்வளவு கேட்டீங்க?" அவள்தான் கொடுத்தாள், டாக்டர் வாங்கினார் என்று விளக்கினால் இன்னும் அசிங்கமாக இருந்தது. குழுவிலிருந்து அவளை விடுவிப்பதாக, நன்றி சொல்லி மடல் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அங்கே சாதாரணப் பெண்களாக இரண்டு பேரைப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்வி. ஒருத்தி சேமியா அனுப்பினாலும் இன்னொருத்தி இருப்பாளே.

குரமோச்சி சும்மா இருக்கவில்லை. திட்டத்தை எடுத்துக்கொண்டு மேற்கே ஹகாதா நகரத்தில் உள்ள வேறொரு குழுவுக்குப் போனார். அங்கே என்ன சாப்பாடு போட்டார்கள் என்று தெரியாது. இலை உதிர்வதற்குள் அனுமதி வாங்கிவிட்டார்.

தாள் மறுபடி கண்ணாடிக் கதவில் ஏறியது. தொகுஜி தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். சுமியே கடையைப் பூட்டிவிட்டு வந்தாள்.

இந்தமுறை அவள் குழு உறுப்பினரில்லை, நோயாளியின் மனைவி. குணமாச்சு என்று எண்ணுவது யார் என்பதில் தொடங்கி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்டாள். குரமோச்சி பழையதை ஞாபகம் வைத்துக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளாமல் பதில் சொன்னார். நுரையீரல் அடைப்பு வரலாம், அரிதுதான், வந்தால் எதிரிலிருக்கும் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோவோம் என்றார்.

"இதுவரைக்கும் செஞ்சுக்கிட்டவங்கள்ல உடம்பு மோசமானவங்க எத்தனை பேரு?"

"மோசமானவங்க திரும்ப வரமாட்டாங்கம்மா. அதனால எங்களுக்குத் தெரியறதில்லை."

இத்தனை வருடமாக அவள் எதிர்பார்த்திருந்த பதில் இது. ஆனால் அது இவ்வளவு எளிதாக, இவ்வளவு மென்மையாக வந்ததில் அவளுக்கு உடனே வேறொரு கலக்கம். உண்மையைச் சொன்னால் நம்பிவிடுவார்கள் என்று கற்றுக்கொண்ட ஆளோ இவன்? தொகுஜிக்கு அந்தக் கலக்கமெல்லாம் இல்லை. "மறைக்காம சொன்னாரே, அது போதும்" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தை அவராலேயே படிக்க முடியாது.

வயிற்றிலிருந்து கொழுப்பை எடுத்தார்கள். சில வாரம் கழித்து, ஒரு சின்னப் பையில் கலங்கிய தண்ணீர்போல அது திரும்பி வந்தது. ஏற்றி முடியும்வரை சுமியே பக்கத்தில் உட்கார்ந்து சொட்டுவதையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணை எடு. நீ பாத்தா அது இறங்கவே பயப்படுது" என்றார் தொகுஜி.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடைப்பும் வரவில்லை, காய்ச்சலும் வரவில்லை. அதற்காக அன்றிரவு கோயில் இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள், காசு விழும் சத்தம் இல்லாமலே.

மறுபரிசோதனைக்குப் போனபோது டிசம்பர் வந்துவிட்டது. குரமோச்சி எழுந்து வந்து, அந்தப் பழைய பரிவோடு முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார். பக்கத்தில் ஒரு நர்ஸ், கையில் ஒரு தொடுதிரை.

"எப்படி இருக்கீங்க கமேதானி ஐயா? கொஞ்சம் தேவலையா?"

தொகுஜி உட்கார்ந்தபடியே தலை குனிந்து வணங்கினார்.

"உங்க புண்ணியத்துல."

நர்ஸின் விரல் திரையைத் தொட்டது. 'தேவலை', 'மாற்றமில்லை', 'மோசம்' என்ற மூன்று கட்டங்களில் முதலாவது பச்சையானது. சுமியே பார்த்துக்கொண்டிருந்தாள். குணமாச்சு என்று எண்ணுவது யார் என்று குரல் வற்றக் கேட்டாளே, எண்ணுகிறவள் இதோ உட்கார்ந்திருக்கிறாள், நகத்தில் இளஞ்சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு. இந்த ஊரில் யாரிடம் எப்படி இருக்கிறாய் என்றாலும், கால் உடைந்து கட்டுப் போட்டிருந்தாலும், உங்கள் புண்ணியத்தில் என்றுதான் வரும். அதுவும் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்த டாக்டரிடம். அந்தக் கட்டத்துக்குள் எத்தனை கிழவர்களின் கும்பிடு விழுந்து பச்சையாகிக் கிடக்கிறதோ. அடுத்த வருடம் அது ஏதோ ஒரு குழுவின் மேஜைக்குப் போகும். இரண்டு சாதாரணப் பெண்கள் அதைப் படித்துத் தலையாட்டுவார்கள்.

"அதை மாத்துங்க" என்றாள்.

"எதைங்க?" என்றாள் நர்ஸ்.

"இப்ப தொட்டீங்களே, அதை. அவர் மரியாதைக்குச் சொன்னார்."

"சுமியே" என்றார் தொகுஜி, மெதுவாக.

"மரியாதையை வேணும்னா தனியா ஒரு கட்டம் போட்டு எண்ணிக்கோங்க. இதுல கலக்காதீங்க."

குரமோச்சி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "சரிம்மா. கூடவே இருக்கிறவங்க நீங்க. உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொல்லுங்க, எப்படி இருக்கார்?"

சுமியே கணவரைப் பார்த்தாள். வலது கை முழங்காலின்மேல் ஆடிக்கொண்டிருந்தது. எப்போதும்போலத்தான். எப்போதும்போலத்தானா?

"மாத்தம் ஒண்ணும் இல்லை" என்றாள்.

நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள், டாக்டர் தலையசைத்தார், பச்சை அணைந்து நடுக்கட்டம் மஞ்சளானது. தொகுஜி எழுந்து, மனைவிக்காகவும் சேர்த்து ஒருமுறை ஆழமாகக் குனிந்துவிட்டு வந்தார்.

டிராமில் இருவருக்கும் இடம் கிடைத்தது. நாலைந்து நிறுத்தம் அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, அவளைப் பார்க்காமலே சொன்னார்.

"வேற நாள்ல கேட்டிருந்தா மரியாதைக்குத்தான் சொல்லியிருப்பேன். இன்னைக்கு அப்படிச் சொல்லலை."

"என்ன சொல்றீங்க?"

"கொஞ்சம் தேவலைன்னுதான் இருந்துச்சு. கொஞ்சம். சொல்ல வார்த்தை வேற இல்லை, அதையே சொன்னேன்."

அவர் தன்னைப் பழிவாங்குகிறாரா, ஆறுதல் சொல்லிக்கொள்கிறாரா, நடந்ததைச் சொல்கிறாரா என்று அவர் முகத்தில் தேடினாள். அந்த நோய் முகத்தையும் அசையவிடுவதில்லை. தேடுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் காலை அவள் சட்டையோடு வந்தபோது, "குடு, நானே போட்டுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டார். படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்து மேல் பொத்தானில் ஆரம்பித்தார். விரல் நழுவியது. மறுபடி பிடித்தார். சுமியே உதவப் போகவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணிமைக்காமல் நின்றாள். ஒன்று மாட்டியது. அடுத்தது நெடுநேரம் மாட்டவில்லை, பிறகு மாட்டியது. கடை திறக்கும் நேரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பொத்தானும் துளைக்குள் போனபோது அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எப்படி? முன்னைக்கு இப்ப சீக்கிரமா இல்லை?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். முன்பு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. கை நடுங்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒருநாளும் அவரைப் போட விட்டதில்லை. அவள்தான் போட்டுவிட்டாள்.